பின்சக்கரப் பாரம்

தை பிறந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் மென்மழையாய் இறங்கிய நீர் விடியுமுன் உறைந்து, தோர்ண்டன் ஹீத்திலிருந்து நோர்வூட் மேட்டுக்கு ஏறும் தெருக்களையெல்லாம் ஒரே கண்ணாடி வார்ப்பாய் மூடிக் கிடந்தது. கவுன்சிலின் உப்பு வண்டி பெருந்தெருவோடு திரும்பிவிட்டது. கிளைத்தெருக்களை ஆண்டவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

விஜயரத்தினம் வாசலில் நின்று சப்பாத்து நுனியால் தரையை உரசிப் பார்த்தார். நோர்வேயின் வடகோடியில் பத்தொன்பது ஆண்டு மீன் லொறி ஓட்டியவர் அவர். எந்தப் பனி தாங்கும், எந்தப் பனி வாரிவிடும் என்பதை அவர் பாதம் அறியும். மனைவி பிரிந்து போனபின் பிள்ளையில்லாத தனியாளாய் லண்டன் வந்து, அக்கா தவநாயகியின் வீட்டு மேலறையில் ஏழாண்டாய்க் குடியிருக்கிறார். அந்த ஏழாண்டில் அவருக்கு வாய்த்த பெருமை ஒன்றே. அக்காவின் மகள் ஜதுர்ஷிகா போன மாதம் அவர் அறைக்கதவில் சாய்ந்து நின்று, "மாமா, மணவறைக்கு நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகோணும்" என்று சொன்னாள். இன்று அவள் கலியாணம். முகூர்த்தம் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து ஐம்பது வரை. பெண்கள் நேற்றே மேட்டின் மேலுள்ள மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் இருவர்: அவரும், பெண்ணின் தகப்பன் யோகராஜாவும்.

யோகராஜா பட்டு வேட்டியும் சரிகைச் சால்வையும் புதுத் தோல் சப்பாத்துமாய் வெளியே வந்தார். தாமே ஓட்டவென்று வாடகைக்கு எடுத்த நீண்ட கறுப்புக் கார் அவருக்காகக் காத்து நின்றது.

"அத்தான், இது வேண்டாம். என்ரை சின்னக் காரிலை போவம்" என்றார் விஜயரத்தினம்.

"உன்ரை தகர டப்பாவிலையோ? பொம்பிளையின்ரை தகப்பன் பீற்சா குடுக்க வந்தவன் மாதிரி இறங்கிறதோ? வீடியோக்காரன் வாசலிலை நிக்கிறான்."

"இது பின்சில்லு தள்ளுற கார், அத்தான். ஐஸ் மேட்டிலை வால் ஆடும். என்ரையிலை முன்சில்லுதான் இழுக்கிறது; எஞ்சின்ரை பாரமும் அந்தச் சில்லுக்கு மேலைதான். ஊர்ந்தெண்டாலும் ஏறிவிடும். இதிலைதான் போகோணுமெண்டால் பின்னாலை சாமான் வைக்கிற பூட்டுக்கை ரெண்டு மண்மூட்டை போடுவம். பின்னுக்குப் பாரம் இருந்தால்தான் சில்லு நிலத்தைப் பிடிக்கும்."

யோகராஜா மைத்துனரின் வயிற்றை நிதானமாக அளந்தார். பிறகு சிரித்தார்.

"மண்மூட்டை என்னத்துக்கு? நூற்றிப்பத்துக் கிலோவிலை சோத்துமூட்டை ஒண்டு கதைச்சுக்கொண்டு நிக்குதே. ஏழு வரியமாத் திண்டது இண்டைக்குத்தான் உதவப்போகுது. முன்னுக்கு வராதை. பின்னுக்கு ஏறு. நடுவிலை இரு."

விஜயரத்தினம் ஏறி நடுவில் அமர்ந்தார். ஏச்சு அவருக்குப் புதிதன்று. ஏச்சைத் தாண்டி மேலே ஒரு கை அவர் கைக்காகக் காத்திருந்தது. அவருடைய கோட்டுப் பையில் தடித்த கம்பளிக் காலுறைகள் இரண்டு சோடி இருந்தன. சப்பாத்தின் மேல் இழுத்துவிட்டால் கண்ணாடிப் பனியிலும் கால் வழுக்காது, வடக்கில் கற்றது. ஒன்று தனக்கு, ஒன்று அத்தானுக்கு என்று அடுக்கும்போது நினைத்திருந்தார்.

பெருந்தெருவைக் கடந்து மேட்டில் ஏறத் தொடங்கியதும் காரின் பின்புறம் இடமும் வலமுமாய் நெளிந்தது.

"காலை மெல்லமா வையுங்கோ, அத்தான். சில்லு சுத்தினால் காலை எடுங்கோ. பிரேக்கைத் தொடாதேங்கோ. வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்புங்கோ."

"மூட்டை கதையாது" என்றார் யோகராஜா. ஆனால் சொன்னபடியே செய்தார். கார் முனகி முனகி ஏறியது.

பாதி மேட்டில் பின்னாலிருந்து ஹோர்ன் ஒலித்தது. வெள்ளை ஜீப் ஒன்று முழு வேகத்தில் வந்தது. யோகராஜா ஒதுங்கி நிறுத்தினார். வெம்பிளியில் மூன்று கடை வைத்திருக்கும் கிருசாந்தன், தவநாயகியின் சின்னம்மா மகன், கண்ணாடியை இறக்கி, "நாலு சில்லும் இழுக்குது, அத்தான்! மேலை சந்திப்பம்!" என்று கூவியபடி ஏறிப் போனார்.

"போறதுக்குத்தான் நாலும் இழுக்கும்" என்றார் விஜயரத்தினம், யாருக்கும் இல்லாமல். "நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லுத்தான்."

அப்போது தவநாயகியின் அழைப்பு வந்தது. காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல் நிறைந்தது. "எங்கை நிக்கிறியள்? ஐயர் கேக்கிறார்."

"வாறம். கிருசாந்தன் இப்ப வந்திடுவான். அவனையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

"ஏன்? தம்பியல்லோ கூட்டிக்கொண்டு வாறதெண்டு..."

"உன்ரை தம்பி பெண்டிலை வைச்சிருக்கத் தெரியாதவன். அந்தக் கையோ என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிக்கிறது, அதுவும் இண்டைக்கு? கிருசாந்தனும் மாமன் முறைதானே. பிள்ளை குட்டியோடை நல்லா இருக்கிறான்."

தவநாயகியின் குரல் தணிந்தது. "தம்பி பக்கத்திலையோ இருக்கிறான்?"

"பின்னுக்கு இருக்கிறான். கேக்கட்டுமன். கேட்டால் பாரம் குறைஞ்சிடுமோ?"

அழைப்பு முடிந்தது. விஜயரத்தினம் குனிந்து ஒரு சோடிக் காலுறையைச் சப்பாத்தின் மேல் இழுத்தார். ஒரு கால், பிறகு மறு கால். பூசைக்கு முன் கைகால் கழுவுகிறவரின் அமைதி அவரிடம் இருந்தது. கதவைத் திறந்தார்.

"எங்கையடா போறாய்?"

"நடந்து போறன்."

"விசரோ உனக்கு? நீ இறங்கினால் கார்..."

அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார்.

யோகராஜா வெகுண்டு காலை அழுத்தினார். பாரம் நீங்கிய பின்சக்கரங்கள் வெறிகொண்டு சுழன்று பனியை மேலும் மெருகேற்றின. பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள, நீண்ட கறுப்புக் கார் பக்கவாட்டாய்த் திரும்பி, சப்தமின்றிப் பின்னோக்கி வழுக்கிப் போய் விளக்குக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றது. ஆளுக்குக் காயமில்லை. கதவைத் திறந்து இறங்கினார், விழுந்தார். எழுந்தார்; மறுபடியும் விழுந்தார். கையிலிருந்த போன் தெருவின் அடிவாரம் நோக்கித் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான்!" ஏழாண்டில் முதன்முறையாக அந்த முறைச்சொல் அவர் வாயில் வந்தது. "மச்சான், கையைத் தாடாப்பா."

விஜயரத்தினத்தின் விரல்கள் கோட்டுப் பைக்குள் இரண்டாவது சோடியைத் தொட்டன. கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது.

"அந்தக் கை வேண்டாம், அத்தான்" என்றார். திரும்பி மேட்டில் ஏறலானார்.

மண்டப வாசலில் வெள்ளை ஜீப் மதிலில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது. வந்த வேகத்தில் அதால் நிற்க முடியவில்லை. கிருசாந்தன் மணிக்கட்டைப் பிடித்தபடி படியில் குந்தியிருந்தார், கை வீங்கிவிட்டது.

"நாலு சில்லும் நல்லா இழுத்ததோ, தம்பி?" என்று அன்பாய் விசாரித்து, காலுறைகளைக் கழற்றிக்கொண்டு விஜயரத்தினம் உள்ளே போனார்.

தவநாயகி ஓடிவந்தாள். "அவர் எங்கை, தம்பி?"

"பின்னாலை வாறார். கார் கொஞ்சம் வழுக்கினது. ஆபத்தொண்டும் இல்லை. நீங்கள் தொடங்குங்கோ."

பட்டுச்சேலையில் நின்ற ஜதுர்ஷிகா, "மாமா!" என்று மலர்ந்தாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் அவள் கையைப் பிடித்தார். நாதசுரம் முன்னே செல்ல, இருமருங்கும் அரிசி தூவ, மணவறைக்கு அழைத்துப் போனார். அவர் கேட்ட வரம் அவ்வளவே. அது கிடைத்துவிட்டது. அத்தோடு அவர் கீழே இறங்கி இருந்திருக்கலாம்.

தாரை வார்க்கும் வேளை வந்தது. தகப்பன் இல்லை. தவநாயகி நாலுமுறை போன் எடுத்தாள், பதிலில்லை. மணி பத்து முப்பத்தெட்டு.

"தேப்பன் இல்லாட்டில் தாய்மாமன் பிடிச்சுக் குடுக்கலாம்" என்றார் ஐயர். "ஆனால் நேரம் இருக்கு. இன்னுமொரு ஐஞ்சு நிமிசம் பாப்பமோ?"

எல்லோரும் விஜயரத்தினத்தைப் பார்த்தார்கள். உடன் வந்தவர் அவர்தான்.

மணவறை உயரமானது. அங்கிருந்து நெடிய கண்ணாடி யன்னலூடாகத் தெருவின் கடைசி வளைவு தெரிந்தது. அந்த வளைவில், மதிலோரமாய், யோகராஜா நாலுகாலில் வந்துகொண்டிருந்தார். சால்வை இல்லை. பட்டு வேட்டி முழங்காலில் கிழிந்து சேறாயிருந்தது. ஒரு கையை ஊன்றுவார், உடம்பை இழுப்பார், அரை அடி பின்னால் வழுக்குவார், மறுபடியும் ஊன்றுவார். மண்டபத்து இளைஞர்கள் இருவரை அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் தூக்கி வந்துவிடுவார்கள்.

"வேண்டாம், ஐயா" என்றார் விஜயரத்தினம். "நேரம் தப்பவிடக் கூடாது. இந்த ஐஸிலை அவர் எப்ப வருவாரோ, யாருக்குத் தெரியும்."

ஐயர் தலையசைத்தார். மாப்பிள்ளை ஹரிசன் வலக்கையை நீட்டினான். விஜயரத்தினம் மருமகளின் கையை எடுத்து அதன்மேல் வைத்து, தம் கையைக் கீழே ஏந்தினார். தவநாயகி கண்ணீரோடு செம்பைச் சரித்தாள். ஐயர் குலம் சொல்லிப் பெயர் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார்.

மாமனின் பார்வை எங்கே போகிறதென்று ஜதுர்ஷிகா கவனித்தாள். அவளும் தலையைத் திருப்பினாள். யன்னலுக்கு வெளியே, மண்டபப் படியிலிருந்து இருபது முழத் தொலைவில், அவள் தகப்பன் கையூன்றித் தலைநிமிர்ந்து உள்ளே ஒலிக்கும் மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் மாமனைப் பார்த்தாள். அவள் விரல்கள் அவர் உள்ளங்கையிலிருந்து நழுவப் பார்த்தன. அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கையைப் பார், பிள்ளை" என்றார் மிக மென்மையாக. "தண்ணி வெளியிலை சிந்தப்போகுது."