இரவல் கண்ணாடி

கிராணி இராசரத்தினத்திடம் இரண்டு வெயில் கண்ணாடிகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. மலாயாவில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் மனுஷனுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டால், தோட்டத்துப் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள்.

முதலில் வாங்கியது பச்சை. பால் கொட்டகை வாசலில், உச்சி வெயிலில், பெண்கள் வாளி வாளியாக ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஊற்றும்போது அதைப் போட்டுக்கொண்டு நிற்பார். போட்டவருக்கு உலகம் இருட்டாகத் தெரிந்தது. அதனால் உலகத்துக்கும் தன் கண் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு போகுமா? முகத்தில் வெயில் அடித்தால் போதும், அந்தப் பச்சைக்குள் இரண்டு விழிகளும் தண்ணீருக்கடியில் மீன் மாதிரி ஓடுவது தெரியும். அவை எப்போதும் பால் ஊற்ற வரும் பஞ்சாலை என்பவள் பின்னாலேயே ஓடின.

கொட்டகைக்கு எதிரிலிருந்த தன் வீட்டு வராந்தாவிலிருந்து அதைப் பார்த்தவள் அவர் மனைவி பாலேஸ்வரி. அன்று வீட்டில் பெரிய சண்டை. கிராணி கண்ணைத் திருத்திக்கொள்ளவில்லை, கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அடுத்த வாரம் சிரம்பான் டவுனிலிருந்து கறுப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கே பார்க்கிறார் என்று எந்த வெயிலாலும் காட்ட முடியவில்லை. தெரிந்ததைவிடத் தெரியாதது பாலேஸ்வரியை அதிகம் தின்றது. புருஷன்மேல் காட்ட முடியாத கோபம் எங்கே போகும்? தன் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள்மேல் போயிற்று. ஏனென்றால், காலையில் பாலுக்காக மரம் சீவிவிட்டு மத்தியானம் அவள் வீட்டில் பாத்திரம் கழுவியவளும் அதே பஞ்சாலைதான்.

பஞ்சாலைக்குக் கிராணியின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அவள் புருஷன் அர்ச்சுனன் காட்டில் இருந்தான். எவளோ ஒருத்தியோடு ஜொகூருக்கு ஓடிவிட்டான் என்று அவளே ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். வாழாவெட்டி என்ற பேரையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவசரகாலம் அது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய காலம். காட்டுக்குப் போனவன் பெண்டாட்டி என்று தெரிந்தால் முள்கம்பி முகாமுக்குள் தள்ளுவார்கள், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். மூன்று வயது வள்ளியைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. உண்மை தெரிந்தவள் கூலிகள் குடியிருந்த லயத்தில் அடுத்த வீட்டுத் தாயம்மா ஒருத்திதான்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டே கிராணி சேதி சொன்னார். காட்டோரம் ஒருவனைச் சுட்டுவிட்டார்களாம். முகத்தில் குண்டு பட்டு அடையாளம் தெரியவில்லையாம். நாளைக் காலை லாரியில் கொண்டுவந்து, தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் வரிசையாக நடத்திக் காட்டப்போகிறார்களாம். பிணத்தை யாரும் அடையாளம் சொல்ல வேண்டாம். யார் கண் கலங்குகிறது என்று பார்க்க முனியாண்டி வருகிறாராம். முனியாண்டி உளவுப் போலீஸ். தமிழ் ஆள். அதனால்தான் அவருக்கு அந்த வேலை.

சமையலறையில் பஞ்சாலையின் கையிலிருந்த பானை தொட்டிக்குள் விழுந்தது.

கிராணி தூங்கப் போன பிறகு அவள் பாலேஸ்வரியிடம் வந்து நின்றாள். கண்ணில் ரப்பர் பால் தெறித்துவிட்டது, வெயில் கூசுகிறது, நாளை ஒருநாளைக்கு ஐயாவின் கறுப்புக் கண்ணாடி இரவல் கிடைக்குமா என்று கேட்டாள். அவள் கண் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. சிவப்பே இல்லை. பாலேஸ்வரி ஒருகணம் அந்தக் கண்ணைப் பார்த்தாள். ஜொகூருக்கு ஓடிப்போனவனின் கதை முழுக்க அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மேசைமேல் இரண்டு கண்ணாடியும் இருந்தன. கறுப்பைக் கொடுத்திருந்தால் கிராணி ஒருநாள் கத்தியிருப்பார், அவ்வளவுதான். பாலேஸ்வரி பச்சையை எடுத்தாள்.

“இதைப் போடு பஞ்சாலை. இதுதான் கண்ணுக்குக் குளிர்மை. ஒருத்தருக்கும் உன்ரை கண் தெரியாது, பயப்பிடாதை.”

பஞ்சாலை அந்த இருட்டுச் சமையலறையில், வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று, அதைப் போட்டுச் சுவரிலிருந்த சின்ன முகக்கண்ணாடியில் பார்த்தாள். கண் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிதான் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். கும்பிட்ட கையைப் பாலேஸ்வரி தடுக்கவும் இல்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் லாரி வந்தது. முனியாண்டி அதைத் திடலின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். வருகிறவர்கள் முகத்தில் சூரியன் நேராக அடித்தது. அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் நின்றார்.

பஞ்சாலை வந்தபோது வெள்ளைக்கார ஆபிசர் கண்ணாடியைக் கழற்று என்று சைகை காட்டினார். கண்ணோவு என்றாள். முனியாண்டி அவள் முகத்தைப் பார்த்தார், ஆபிசர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், பிறகு அவளிடம் அன்பாகவே சொன்னார்.

“இருக்கட்டும்மா. போட்டுக்கிட்டே போ.”

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அர்ச்சுனனுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. காடு வெட்டும்போது பாராங் கத்தி கொண்டுபோய்விட்டது. மற்றவர்கள் எல்லாரும் அந்தச் சிதைந்த முகத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். பஞ்சாலையும் முகத்தை அந்த முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டாள். தலை அசையவில்லை. உதடு அசையவில்லை. கண் மட்டும், வெயில் அடித்த பச்சைக் கண்ணாடிக்குள், மெல்லக் கீழே இறங்கி இடது கால் விரல்களுக்குப் போயிற்று.

ஐந்து விரலும் இருந்தன.

அவன் இல்லை. எவள் பெற்ற பிள்ளையோ, அவன் இல்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. ஒரு பிணத்தின் முன்னால் அவ்வளவு சந்தோஷம் யாருக்கும் வரக்கூடாது. உடம்பில் ஒரு நரம்பும் அசையாமல், கண்ணால் மட்டும் சிரித்தாள். கண்தான் யாருக்கும் தெரியாதே.

அவள் இரண்டடி வைப்பதற்குள் முனியாண்டி கேட்டார்.

“ஒம் புருசனுக்கு எந்த வெரலு இல்ல?”

பஞ்சாலை நின்றாள். இது இவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்டிருக்கிறாள், அழவில்லை, வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் காட்டில் இருப்பது தெரிந்தவள் ஒருத்திதானே. பின்னால் வரிசையில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“தாயம்மா, நீதான் காட்டிக் குடுத்தியா? ஒன்னத் தவுத்து வேற யாருக்குடி தெரியும்?”

முனியாண்டிக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு வார்த்தையும் யாரிடமும் சொல்லாத தாயம்மாவையும் சேர்த்து லாரியில் ஏறச் சொன்னார். தாயம்மா அழுதுகொண்டே தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பஞ்சாலை அவள் முகத்தில் துப்பினாள்.

ஏறுவதற்கு முன்னால்தான் அவளுக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது. வள்ளி ஆயாக்கொட்டகையில் மற்றக் குழந்தைகளோடு இருந்தாள். தனக்கு ஏதாவது ஆனால் தாயம்மா பார்த்துக்கொள்வாள் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். பஞ்சாலை கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் இரண்டு பக்கமும் பதமாகத் துடைத்து, முனியாண்டியிடம் நீட்டினாள்.

“கிராணியார் வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்கய்யா, எரவல் சாமான். எம் புள்ளயையும் அவங்களையே பாத்துக்கச் சொல்லுங்க. இந்தத் தோட்டத்துல எனக்கு நல்லது செஞ்சவங்க அவங்க ஒருத்திதான்.”

மத்தியானம் முனியாண்டி கிராணி வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் கண்ணாடி, மறுகையைப் பிடித்துக்கொண்டு வள்ளி. பஞ்சாலை சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். பாலேஸ்வரி கேட்டுக்கொண்டாள். வீட்டில் இடமில்லை என்றும், சிரம்பானில் அனாதைப் பிள்ளைகளுக்கு மடம் இருக்கிறதாமே என்றும் சொன்னாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.