அக்காவுக்கு மட்டும் கேட்ட டிக் டிக்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. "ஊர்ல இல்லாததெல்லாம் எழுதுற. என் காரைப் பத்தி எழுதேன்டா. ஆனா நான் சொன்னதுதான் சரின்னு எழுதணும்" என்றாள். முடிவை முதலிலேயே கொடுத்துவிட்டுக் கதை கேட்கிற ஆள் அவள். தம்பியாகப் பிறந்தவன் என்ன செய்வான்? உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

மௌனமே உருவான அந்த வெண்ணிறக் கார் சாலையில் ஒரு கனவைப் போல

வெள்ளையும் இல்லை, மௌனமும் இல்லை. கார் கத்தரிப்பூ நிறம். அது மௌனமாக இல்லை என்பதுதான் கதையே. ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். பொய் எங்கே தொடங்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

2.

மறுபடியும், ஒழுங்காக.

அக்கா பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பயிற்சி கொடுக்கிறவள். நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டப் பழகி, சொந்தச் சம்பாத்தியத்தில் இந்த எலக்ட்ரிக் காரை வாங்கினாள். வந்ததிலிருந்து சில்லறைக் குறைகள். சார்ஜ் போடும் இடத்து மூடி திறக்காமல் அடம்பிடிக்கும். முன்னால் இருக்கும் திரை நினைத்த நேரத்தில் கறுத்துப்போகும். சர்வீஸ் சென்டரில் எல்லாவற்றையும் வாரண்டியிலேயே, முகம் சுளிக்காமல், சரிசெய்து கொடுத்தார்கள். மிஞ்சியது ஒரு சத்தம். வண்டி வேகமெடுத்தால் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ டிக் டிக்.

(பெட்ரோல் கார் என்றால் என்ஜின் இரைச்சலில் இது அமுங்கிப்போயிருக்கும். இதில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.)

வேலைக்குப் போகும்போதெல்லாம் அக்காவுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அத்தான் கூடப் போனார். அக்கா மகள் போனாள். நானும் போனேன்.

"இப்ப கேக்குதா?"

"இல்லையேக்கா."

"காலைல கூட வந்துச்சுடா. சத்தியமா."

"வந்திருக்கும்க்கா" என்றேன், காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

3.

சர்வீஸ் சென்டர்காரரை அக்கா 'பார்த்துடலாம்' என்றே அழைப்பாள். எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

"சார், டிக் டிக்னு வருது."

"பார்த்துடலாம் மேடம். ஆனா எங்க ஆள் யாராவது காதால கேக்கணும். கேட்டாதான் வாரண்டில போட முடியும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அது. அவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. சத்தம் என்று புகார் வந்தால், புகார் சொன்னவரும் சோதனை ஓட்டத்தில் கூட இருக்க வேண்டும். ஆகவே அவர் ஓட்டினால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஓட்டினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை முறை போனாலும் கார் பூனை மாதிரி போய்ப் பூனை மாதிரி வந்தது.

(முதல் பிரதியில் இவரை வில்லனாக்கியிருந்தேன். முறுக்கு மீசை கூட வைத்தேன். அக்கா படித்துவிட்டு, "பாவம்டா அந்த மனுஷன். சிடுசிடுன்னு ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.)

4.

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று அத்தானைப் பார்த்தேன். அவரும் தேறவில்லை. அவருக்கு இருந்தது பயம். சனிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது.

"அதுக்குள்ள என்னன்னு தெரிஞ்சா சரி. இல்லேன்னா வித்துடலாம். நாளைக்கு நீ தனியாப் போறப்ப நடுரோட்ல நின்னா என்ன பண்ணுவ?"

"அது நிக்கிற சத்தம் இல்லங்க."

"வேற என்ன சத்தம்?"

காரை விற்றால் அக்கா மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு, யாராவது கொண்டுபோய் விடுவார்களா என்று வாசலில் நிற்க வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்வாள். "எனக்குக் காது கோளாறுன்னுதானே எல்லாரும் நினைக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டாளே, அதுதான் அவளை அரித்தது. நான் மத்தளம், அக்கா ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம்.

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு சபலம் வரும்.

உண்மையில் அந்த டிக் டிக், அவள் இதயத்தின் அடியாழத்தில்

வேண்டாம். அக்கா அடிப்பாள். சத்தம் காரில்தான் இருந்தது.

5.

கடைசி நாள், சனிக்கிழமை காலை. பார்த்துடலாம் முன்கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறப் போனார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஸ்டியரிங்கில் கைவைத்தபடி சொன்னாள்: "சார், நீங்களும் பின்னாடி போங்க."

"மேடம், முன்னாடி இருந்தாதான் நல்லா…"

"பரீட்சை எழுதறப்ப பக்கத்துல வாத்தியார் நிக்கிற மாதிரி இருக்கு. எப்பப் பாரு யாராவது ஒருத்தர் பக்கத்துல. எனக்கு மூச்சு முட்டுது. போங்க சார், தயவுசெஞ்சு."

அவர் போய் என்னோடு ஒடுங்கி உட்கார்ந்தார். கார் தெருமுனையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தது. வேகமெடுத்தது.

டிக். டிக் டிக்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முன்னால் காலியாக இருந்த பக்கத்து இருக்கையில், யாரும் போடாத சீட் பெல்ட்டின் உலோக நாக்கு, கதவுத் தூணை மூடியிருந்த பிளாஸ்டிக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் எட்டி அந்த மூடியை அழுத்தினார். சத்தம் நின்றது. விட்டார். வந்தது.

"உள்ள கிளிப் விட்டிருக்கு மேடம்" என்றார். "வாரண்டில வரும். சத்தியமா வரும்."

அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், பார்த்துடலாத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

6.

இப்போது விளங்குகிறதா? அக்கா தனியாகப் போவது வேலைக்கு மட்டும்தான். மற்ற நேரம் அவள் வண்டியை எடுத்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் துணைக்கு என்று பக்கத்தில் ஏறிவிடுவோம். ஏறியதும் பெல்ட் போட்டுக்கொள்வோம், ஒழுக்கமானவர்கள். நாக்குக்குத் தட்ட இடமில்லாமல் போகும். பிறகு, "சத்தமே இல்லையே" என்போம்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். அத்தான் மன்னிப்புக் கேட்கிற முடிவு: அக்கா நம்பவில்லை. கார் தானாகப் பேசுகிற முடிவு: நானே நம்பவில்லை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான். கிளிப் மாட்டி வண்டி வீட்டுக்கு வந்த சாயங்காலம் அத்தான், "ஒரு ரவுண்டு நானும் வரேன்" என்று முன்கதவைத் திறந்தார்.

"பின்னாடி" என்றாள் அக்கா.

மறுபேச்சில்லாமல் பின்னால் போய் உட்கார்ந்தார்.

7.

இதை முடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது. முதல் வரியிலிருந்து நானும் அவள் பக்கத்து இருக்கையில்தான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாகப் போகும்போது அக்கா என்ன செய்வாள்? பாடுவாளா, யாரையாவது திட்டுவாளா, சும்மா வருவாளா? அந்தச் சத்தம் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். பின் இருக்கை காலி. நீங்கள் ஏறுங்கள், ஆனால் முன்னால் எட்டிப் பார்க்காதீர்கள். பெரிய சாலை வந்ததும் காதைக் கொடுங்கள். கேட்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அவள் என்னிடம் போட்டதுதான்: அவள் சொன்னதுதான் சரி என்று எழுத வேண்டும்.