துண்டுக்கு அடியில் ஒரு விலை

பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நெருப்பு, சக்கரம் ஆகிய கண்டுபிடிப்புகளுக்கு அடுத்தபடியாக மனிதகுலம் காத்துக்கிடந்த அந்த நாள் வந்துவிட்டது. திருநகரைத் தாண்டி எட்டு மாடியில் எழுந்து நிற்கும் அமிர்தகலசம் மருத்துவமனை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாதஸ்வரம் முழங்க, தன் கட்டணப் பலகையைத் திறந்து வைத்தது.

பலகை ஆளுயரம். மேலே பச்சைப் பட்டுத்துணி. முன்வரிசை நாற்காலியில் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார், யாரும் அழைக்காத விருந்தினர் ஒருவர். வாடிப்பட்டிப் பக்கத்து மாட்டுத் தரகர் நல்லகாமன்.

அவர் மனைவி இருளாயி மூன்றாம் மாடியில் பித்தப்பைக் கல்லோடு சுருண்டு கிடந்தாள். ஆபரேஷன் என்று முடிவாகி இரண்டு நாளாயிற்று. எவ்வளவு ஆகும் என்று கேட்ட இடத்திலெல்லாம் புன்னகைதான் கிடைத்தது. பில் கவுன்டர் ரோகிணி மட்டும் மனமிரங்கி, "வியாழக்கிழமை போர்டு திறக்குறாங்கய்யா, அதுல எல்லாம் இருக்குமாம்" என்றிருந்தாள்.

கையில் அறுபதாயிரம் இருந்தது. அதற்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால், ஊரார் மாட்டை விற்றே பிழைத்தவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஜோடிக் காளைகள் போய்விடும். மைத்துனன் ஜெயபாண்டி அவற்றைப் பிடித்துக்கொண்டு வாடிப்பட்டிச் சந்தையில் நின்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன்.

"மச்சான், திண்டுக்கல் ஆளு ஒரு லட்சத்துப் பத்து சொல்றான். குடுக்கவா, வேணாமா?"

"பொறு மாப்ள. துணியை உருவட்டும்."

சேர்மன் நாற்பது நிமிடம் பேசினார். ஒளிவுமறைவு என்ற சொல்லையே தமது அகராதியிலிருந்து கிழித்தெறிந்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துணி விலகியது. தங்க எழுத்தில் 'நோயாளியே எங்கள் தெய்வம்'. அதன் கீழே: வாகன நிறுத்தம் இருபது ரூபாய். உடனிருப்பவர் பாஸ் நூறு ரூபாய். காபி முப்பது ரூபாய். அறுவை சிகிச்சைகள்: நோயாளிக்கு ஏற்ப.

கைதட்டல் அடங்குவதற்குள் நல்லகாமன் பில்லிங் மேனேஜர் செல்வக்குமாரின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், பித்தப்பைக் கல்லுக்கு எம்புட்டு?"

"இன்சூரன்ஸா, கேஷா?"

"அதுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரேட் மாறும்ல. சொந்த வீடா? என்ன தொழில்?"

நல்லகாமனுக்குச் சுரீரென்று ஏறியது. "நாங்க மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் சார் விலை சொல்லுவோம். நீங்க வாங்க வந்தவன் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்குறீக."

கவுன்டர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் பப்ளிக்கா சொல்ற விஷயமில்ல பெரியவரே."

"அம்புட்டுத்தானே? கையைக் குடுங்க."

தோள்துண்டை உருவி மேனேஜரின் வலது கைமேல் போட்டார். தன் கையையும் உள்ளே நுழைத்து அவர் விரல்களைப் பிடித்தார். சந்தையில் நாற்பது வருடமாக அப்படித்தான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள்.

"ஒரு விரலுக்கு இருபதாயிரம். நீங்க சொல்ற விலைக்கு எத்தனை விரலோ, அத்தனையை அமுக்குங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

ஐந்து விரலும் வியர்த்து நனைந்தன. ஒன்றுகூட அமுக்கவில்லை.

"என்னய்யா இது? துண்டுக்குள்ளயும் விலை இல்லையா?" நல்லகாமனின் குரல் சேர்மன் வரைக்கும் போயிற்று. "நாங்க ஊருக்குத்தான்யா மறைப்போம். வாங்குறவனுக்கு மறைக்க மாட்டோம். பட்டுத்துணி போட்டு மூடி, மேளம் அடிச்சுத் திறந்து, காபி விலையா காட்டுறீக? களவாணிப் பயகூட எடுத்த பிறகு எம்புட்டுன்னு எண்ணிப் பார்த்துருவான்யா!"

வரிசையே கைதட்டியது. சேர்மனுக்குக் கிடைத்ததைவிடப் பலமான கைதட்டல். செல்போன்கள் உயர்ந்தன. நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். இருளாயியைத் தூக்கிக்கொண்டு அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று திரும்பினார்.

மூன்றாம் மாடியிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள். "இருளாயி அட்டெண்டர் யாரு? காய்ச்சல் நூத்தி மூணு. பித்தப்பை எந்நேரமும் வெடிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. இப்பவே தியேட்டருக்கு எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

படிவத்தில் தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. துண்டுக்குள் வியர்த்த மேனேஜரின் அதே கை, இப்போது உலர்ந்து, அவரிடம் பேனாவை நீட்டியது.

விலை தெரியாமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூடக் கைமாற்றாத தரகர் கையெழுத்துப் போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"குடுத்துரு மாப்ள."

"எம்புட்டு ஆகுமாம் மச்சான்?"

நல்லகாமன் போனை மடியில் செருகிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினார்.

காளைகள் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போயின. ஆபரேஷன் விலை இன்னும் தெரியவில்லை.