சுறாத் தராசில் ஏறிய துரை

மயிலாப்பூர் ஜலஜா, மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள், ஆறடி வெள்ளைக்கார டாக்டர் ஒருவரைப் பட்டினப்பாக்கம் மீன் தராசில் ஏற்றி, அந்த ஒரே நிறுவையில் தென்னிந்தியர் அத்தனை பேருடைய ஈரலுக்கும் மானத்தை மீட்டுக் கொடுத்தாள். ஆபீசே நம்பியது. மேலதிகாரி சுப்பராமன் மட்டும், "கதை விடாதேம்மா" என்றார்.

வருஷம் எழுபத்திரண்டு. காசநோய்க்கான புது மாத்திரை ஒன்றை அடையாறு ஆராய்ச்சி நிலையத்திலும் டாக்டரின் ஊரிலும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே காமாலை வந்தவர்களைவிட இங்கே மும்மடங்கு. டாக்டர் இரண்டு ஊர்ச் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்த இனத்துக்கு ஈரல் பலவீனம். இங்கே மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று முடித்துவிட்டார். நிறுத்தினால், மீன் விற்கிற புஷ்பம் போன்ற நோயாளிகள் மறுபடியும் வருஷக்கணக்கில் ஊசி குத்திக்கொள்ள வேண்டும்.

புள்ளிவிவரக்காரி ஜலஜா விட்ட மூச்சில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது.

"அவா ஊர்ல எழுபது கிலோ, நம்மூர்ல முப்பத்தஞ்சு. ரெண்டு பேருக்கும் அதே மாத்திரை. எடையை விட்டுட்டு இனத்தைப் பிடிச்சுண்டா எப்படி சார்?" என்று சுப்பராமனிடம் பொரிந்தாள்.

"பெரிய மனுஷர். எதிர்த்துப் பேசாதே."

மறுநாள் காலை, நோயாளிகள் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை. டாக்டரும் ஜீப்பில் வந்தார். பட்டினப்பாக்கம் கரையில், புஷ்பத்தின் வீட்டருகே, மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியில் மீன் தராசு தொங்கியது. ஜலஜா அதைக் காட்டி, "ஏறுங்கள்" என்றாள் இங்கிலீஷில்.

"இன்னாம்மா, தொரையவா?" என்றாள் புஷ்பம். "ஏறட்டும். சுறா தூக்குற தராசு, அறுந்துக்காது."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஏறினார். எதிர்த்தட்டில் புஷ்பமும், அடுத்த வீட்டு நோயாளி கமர் ஜஹானும் ஏறினார்கள். தராசு நேராக நின்றது. டாக்டரின் சிரிப்பும் நின்றது.

"இவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் உடம்புக்கான மருந்தை விழுங்குகிறார்கள்" என்றாள் ஜலஜா.

அன்று மத்தியானமே ஆட்களை எடைவாரியாகப் பிரித்து, இங்கத்து ஒல்லிகளை அங்கத்து ஒல்லிகளோடும் பருமன்களைப் பருமன்களோடும் ஒப்பிட்டாள். வித்தியாசம் கரைந்துபோனது. அங்கத்து ஒல்லிகளுக்கும் இதே காமாலைதான். அங்கே ஒல்லிகள் கொஞ்சம் பேர், அதனால் மொத்த சதவீதத்தில் மறைந்திருந்தார்கள்.

டாக்டரே தன் அறிக்கையில் இனம் என்ற வரியை அடித்துவிட்டார். மாத்திரை தங்கியது, எடைக்கு ஏற்ற அளவில்.

"கணக்கு சரி. தராசுதான் இடிக்கறது" என்ற சுப்பராமன், நேரே டாக்டரின் அறைக்குப் போய்விட்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"பேன்ட்டெல்லாம் செதிலா ஒட்டிண்டிருக்கும்மா" என்றார். "நடந்துதான் இருக்கு."