சுவர்ப்பக்கத்துக் காது

நர்ஸ் ஜெயப்பிரியாவுக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்த கையுறை கிழிந்தது. இன்குபேட்டருக்குள் தொள்ளாயிரம் கிராம் பெண் குழந்தை. தலை மறுபடியும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. நேற்றுக் காலை, நேற்று மாலை, இதோ இப்போது. இருபுறமும் துணிச் சுருள் வைத்து, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் படுக்கவைப்பாள். பார்வை நேரத்துக்கு அப்பன்காரன் வந்தால் போதும், எல்லாம் போச்சு.

“இன்னா பாய், எத்தினி வாட்டி சொல்றது? மொகம் பாக்கணும்னா மேலேர்ந்து பாருங்க. தொடாதீங்க!”

ஜாவித் சட்டென்று கையை வெளியே இழுத்தான். கோவளத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான்.

வேறு கையுறை மாட்டி, குழந்தையின் தலையை நேராக்கிக்கொண்டே கேட்டாள்: “உங்க இன்ஜின்ல ஹோசு மடங்கினா இன்னா ஆவும்?”

“பின்னாடி பிரஷர் ஏறிப் புட்டுக்கும்.”

“அதேதான். தலை திரும்பினா கழுத்து நரம்பு அமுங்கிடும். மண்டையிலேர்ந்து ரத்தம் கீழ எறங்காது. ஏழாம் மாசத்துக் கொழந்தை, மூளையில நரம்பெல்லாம் நூலாட்டம் கீது. மொத மூணு நாள்ல புட்டுக்கினா யாராலயும் ஒண்ணியும் செய்ய முடியாது.”

அவன் முகம் வெளுத்தது. “தெரியாது சிஸ்டர். பாங்கு சொல்லலாம்னுதான்...”

“இன்னாது?”

“பொறந்த கொழந்தைக்கு வலது காதுல பாங்கு சொல்லணும். அந்தக் காது செவுத்துப் பக்கம் கீது. திருப்பினாத்தான் எட்டுது. ஆரம்பிக்கிறப்பல்லாம் நீங்க வந்து கத்துறீங்க. ஏதாச்சும் ஆயிட்டா, அல்லாஹ் பேரைக் கேக்காமலே பூடுமே என் பொண்ணு.”

அடக் கடவுளே! இதைச் சொல்ல ஒரு வாய் வேண்டாமா? மூன்று தடவை திட்டு வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றிருக்கிறான். அவளாவது ஒரு தடவை ஏன் என்று கேட்டாளா? அது உறைத்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

குனிந்து சக்கரங்களின் பூட்டை விடுவித்தாள். குழாயும் ஒயரும் இழுபடாமல், இன்குபேட்டரை அங்குலம் அங்குலமாகச் சுவரிலிருந்து நகர்த்தினாள்.

“கொழந்தையத் திருப்பாதீங்க. நீங்க சுத்தி வாங்க. பெட்டிக்கு அந்தப் பக்கமும் கை விடுற கதவு கீது.”

ஜாவித் வயிற்றை எக்கிக்கொண்டு இடுக்கில் நுழைந்தான். இந்தப் பக்கத்திலிருந்து அவள் கையுறை மாற்றிக்கொண்டு கைவிட்டுத் தலையை நேராகப் பிடித்துக்கொண்டாள். அவன் அந்த வட்டக் கதவோடு வாயை வைத்து மெல்லச் சொன்னான். இரண்டு இடத்தில் நின்று, மறுபடி தொடர்ந்தான்.

“அவளுக்குக் கேட்டிருக்குமா சிஸ்டர்?”

தலை இம்மியும் திரும்பவில்லை. ஆனால் அந்தச் சின்ன நெற்றி சுருங்கியது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. நெத்தியச் சுருக்குனா. கெளம்புங்க பாய், டைம் ஆச்சு,” என்று எரிந்து விழுந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.