முயல் தெரியும் ஜன்னல்

படுக்கை விரிப்பை உருவிச் சுருட்டி நடைவழியில் வீசினாள் முயலம்மா. அங்கே ஏற்கெனவே இடுப்பளவுக்கு அழுக்குத் துணி குவிந்து கிடந்தது. காலையில் ஒரு கூட்டம் கப்பலைவிட்டு இறங்கியாயிற்று. மதியம் அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் இருக்கிற நேரத்துக்குள் அத்தனை அறையும் புத்தம்புதுசாக ஆகிவிட வேண்டும். எப்படி ஆகும் என்று மேலே யாரும் கேட்பதில்லை. ஆகும், அவ்வளவுதான்.

குளியலறையைத் துடைத்து, குப்பையை அள்ளி, புது விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள். துண்டை மடித்து, காதை நீட்டி, ஒரு முயல் செய்து படுக்கை நடுவில் உட்கார வைத்தாள். எல்லா அறையிலும் அவள் முயல்தான் செய்வாள். அதனால்தான் அந்தப் பெயர். கடைசியாகச் சுவரிலிருந்த போனை எடுத்து, அறை தயார் என்பதற்கான எண்ணைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அந்த வரிசை அவள் கைக்கு மாறாது.

வழக்கமாக இந்த நடைவழியில் நாலைந்து அறை விற்காமல் கிடக்கும். அந்த அளவுக்குத்தான் துடைப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம். முந்தின நாள் அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்குப் பாதி விலை, அப்புறம் அதிலும் பாதி என்று கம்பெனி இறக்கிக்கொண்டே போனது. காலி அறைகள் மளமளவென்று விற்றுப்போயின. ஏறுகிற தலை கூடிற்று. துடைக்கிற கை கூடவில்லை. இன்றைக்கு வேலை செய்பவர்கள் யாரும் கரையில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"விலை அங்க இறங்குது, உசிரு இங்க போகுது!" எதிர் அறையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கத்தினாள். "ஏன் முயலம்மா, நீ மட்டும் என்ன பல்லக் காட்டிக்கிட்டே தேய்க்கிற?"

"என் பல்லு, நான் காட்டுறேன். உனக்கென்ன?"

"புருஷன் வர்றாரில்ல. விட்டா இன்னிக்குக் கப்பலையே தூக்கித் துடைப்பா இவ."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஒப்பந்தத்தில் ஒரே ஒருமுறைதான் கப்பல் அவள் ஊர்த் துறைமுகத்தைத் தொடுகிறது. எட்டு மாதமாகக் குடும்பம் என்பது போனுக்குள் இருந்தது. அவள் கிளம்பும்போது மகளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்ததையும் புதுசு முளைத்ததையும் போனில்தான் பார்த்தாள். கம்பெனிக்கு விற்க முடியாத அறை ஏதாவது இருந்தால், வேலை செய்பவர்களின் குடும்பம் ஒரு பயணம் வரலாம் என்று விதி உண்டு. இந்த விலை இறக்கத்தில் விற்க முடியாத அறைக்கு எங்கே போவது? நேற்று மேற்பார்வை மேடத்தின் முன்னால் போய் நின்று கையைப் பிசைந்தாள்.

"மூலை அறை ஒண்ணுதான் இருக்கு," என்றார் மேடம். "குளியலறைக் கூரையில ஒழுகுது. அதனால விற்பனையில இல்ல. உன் வீட்டுக்காரருக்குப் பரவாயில்லன்னா வரச் சொல்லு. நான் எழுதித் தர்றேன்."

"ஐயோ, ஒழுகட்டும் மேடம்! எங்க வீட்டுல ஒழுகாததா?"

அப்படிச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, மனசு கேட்கவில்லை. பிள்ளை முதன்முதலாகக் கப்பல் ஏறி வருகிறது, தலையில் அழுக்குத் தண்ணீரா சொட்ட வேண்டும்? காலையில் முதல் வேலையாகக் குழாய் வேலை பார்க்கும் அண்ணனைப் பிடித்தாள். அவருக்கும் தலைக்கு மேல் வேலை. இருந்தும் வந்தார். கூரைப் பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, முக்கால் மணி நேரம் முனகினார்.

"தங்கச்சி, இது மூணு மாசமா யாரும் தொடாத ஒழுக்கு. உனக்காகத்தான் செய்றேன். உன் பொண்ணு பெரிய மனுஷியாகி எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

"அவங்கப்பாவே தைச்சுத் தருவாருண்ணே. அளவு மட்டும் குடுங்க."

அவள் கணவர் தையற்காரர். கடையை அடைத்துவிட்டு வருகிறார். மிச்சத் துணியில் மகளுக்கு மஞ்சள் கவுன் ஒன்று தைத்து, அதில் ஒரு பை வைத்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்குக் கொடுக்க ஏதோ ரகசியம் அதில் இருக்கிறதாம். அண்ணன் போனதும் முயலம்மா அந்த அறையைத் தேய்த்த தேய்ப்பில் கண்ணாடியே கூசியது. இருப்பதிலேயே நல்ல துண்டை எடுத்து, பெரிய முயலாகச் செய்து, ஜன்னல் ஓரம் வைத்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் கம்பி வேலியும் வாசலும் தெரிந்தன. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாப்பாகிட்ட சொல்லுங்க, முயல் தெரியுற ஜன்னல்தான் நம்ம ரூம். நான் அங்க நின்னு டாட்டா காட்டுவேன்."

"அவளே காதுல வாங்கிட்டா. கவுன மாட்டிக்கிட்டு வீட்டு வாசல்ல நிக்கிறா," என்று சிரித்தார் அவர்.

அவளும் சிரித்தபடியே சுவர்ப் போனை எடுத்தாள், எண்ணைத் தட்டினாள், கதவைச் சாத்தினாள், அடுத்த அறைக்குப் போனாள்.

மதியம் மேடம் கூப்பிட்டனுப்பியபோது, அனுமதிச் சீட்டு தருவதற்காக்கும் என்றுதான் ஓடினாள். மேடம் நிமிரவில்லை.

"மூலை அறை வித்துப்போச்சு."

"எந்த மூலை அறை மேடம்?"

"உன் அறைதான். யாரு அதைத் தயார்னு அடிச்சது?"

முயலம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கையைப் பார்த்தாள். தன் கைதானா என்று இருந்தது அவளுக்கு.

"தயார்னு வந்த அடுத்த நிமிஷம் அது விற்பனைக்குப் போயிடும். இருக்கிற விலையில நிக்குமா? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள யாரோ வாங்கிட்டாங்க." மேடத்தின் குரலில் கோபம்கூட இல்லை. "நான் என்ன செய்யட்டும், சொல்லு. காசு குடுத்தவங்கள இறக்க முடியுமா?"

"பழக்கத்துல அடிச்சுட்டேன் மேடம். தெரியாம... அவங்க கிளம்பி வந்துட்டாங்க. என் பொந்துல தரையில படுத்துக்குவாங்க மேடம். சத்தமே வராது."

"ஏற்கெனவே மூணு பேர் அடைஞ்சு படுக்கிற இடத்துலயா? நடக்கிற பேச்சா பேசு."

"அப்ப வாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டாவது வர்றேன். அஞ்சு நிமிஷம்."

"இன்னிக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. உனக்குத் தெரியாதா?"

அங்கிருந்து எப்படி இறங்கினாள் என்றே தெரியவில்லை. குழாய் அண்ணன் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அதை மறுபடியும் ஒழுக விடுங்க."

"என்னது?"

"அந்தக் கூரைய. ஒழுகினா வாங்கினவங்களுக்கு வேற அறை குடுத்துடுவாங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

அவள் அழுகைக்கு நடுவில் விஷயத்தைக் கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார்.

"வேற அறை எங்கம்மா இருக்கு? எல்லாந்தான் வித்துப்போச்சே. ஒழுக விட்டா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்." தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, நான் ஏன் அதைச் சரி பண்ணித் தொலைச்சேன்?"

போன் அடித்தது. கணவர்தான். பின்னால் வரிசையின் இரைச்சல் கேட்டது.

"வாசல்ல எங்க பேரு இல்லேங்கிறான். நீ கொஞ்சம் சொல்லேன்."

அவள் சொன்னாள். எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நீயாவா அடிச்ச?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"சரி. விடு. அழாத." மூச்சை இழுத்துவிட்டார். "பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஜன்னலை எண்ணிக்கிட்டு நிக்கிறா."

மேலே மணி அடித்தது. புதுப் பயணிகள் நடைவழியில் வந்துகொண்டிருந்தார்கள். அவரவர் வரிசையில் நின்று வரவேற்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நின்றாள். மூலை அறைக்கு வந்தது நடுத்தர வயதுத் தம்பதி. கையில் ஒரே ஒரு சின்னப் பெட்டி.

"காலையில காபி குடிக்கும்போதுகூட கப்பல் ஏறப்போறோம்னு தெரியாதும்மா!" அந்த அம்மாள் அவளிடம் ஒரே உற்சாகமாகச் சொன்னாள். "சும்மா போனை நோண்டிட்டிருந்தாரு. திடீர்னு இந்த அறை வந்துது. விலையைப் பார்த்துட்டு நம்பவே முடியல. கொள்ளை லாபம்!"

கணவர் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே. இந்த விலைக்கு ஏதாவது ஒழுகும்னு நெனச்சேன். சொட்டுத் தண்ணி இல்ல."

"நல்லா இருங்க சார்," என்றாள் முயலம்மா. வரவேற்கும்போது சொல்ல வேண்டியது வேறு வாக்கியம். அது வாயில் வரவில்லை.

"திரையைக் கொஞ்சம் விலக்கும்மா."

விலக்கினாள். கீழே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் கவுன். அப்பா தோள்மேல் உட்கார்ந்து கப்பலை மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருந்தது பிள்ளை. முயலம்மா கை தானாக எழும்பிற்று. அதற்குள் அந்த அம்மாள் பக்கத்தில் வந்துவிட்டாள். முயலம்மா ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

"ஐயோ, முயல் பாருங்க, எவ்வளவு அழகு!" அவள் அதை எடுத்துக்கொண்டாள். பிறகு கீழே பார்த்தாள். "அங்க ஒரு குட்டி நிக்குது. பாவம், கப்பல் பார்க்க வந்திருக்கு போல."

சொல்லிக்கொண்டே முயலைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டாட்டா காட்டினாள்.

பிள்ளை அதைப் பார்த்துவிட்டது. அப்பாவின் தலைமுடியைப் பிடித்து உலுக்கி, ஜன்னலைக் காட்டிக் காட்டிக் குதித்தது. கவுன் பையிலிருந்து எதையோ எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தது. இரண்டு கையையும் வீசியது. அதன் வாய் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துவது அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரிந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு சந்தோஷம் அதுக்கு!" என்று சிரித்த அந்த அம்மாள், முயலின் காதைப் பிடித்து இன்னும் வேகமாக ஆட்டினாள்.