கடந்தவர் எண்ணிக்கை

காலை ஏழரைக்கெல்லாம் சாலை ஓரத்தில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் பெண்கள். எதிர்ப்பக்கத்துச் சலவை ஆலையில் வேலை செய்பவர்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் கொடுத்து எடுத்து, மடித்து அனுப்புகிற ஆலை. பஸ் இந்தப் பக்கம் இறக்கிவிடும். ஆலை கேட் அந்தப் பக்கம். நடுவில் நாலு திசையிலிருந்தும் வண்டி வரும் சந்திப்பு. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குள் கார்டு அடிக்காவிட்டால் அரை நாள் போச்சு.

நடந்து கடப்பவர்களுக்கான விளக்கு எதிர்க் கம்பத்தில் இருந்தது. அதில் சிவப்பு மனிதன் மட்டும் ராப்பகலாக எரிந்தான். கீழே இருக்கும் பச்சை மனிதன் அணைந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டிகளுக்கான விளக்கு ஒழுங்காகத்தான் மாறியது; ஆனால் ஒரு பக்கத்து வண்டிகள் நின்றால் இன்னொரு பக்கத்து வண்டிகள் திரும்பிக்கொண்டு வந்துவிடும். ஆகவே பெண்கள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் சேரும்வரை நிற்பார்கள். ஒருத்தி தோளை இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். ஓரத்தில் இருப்பவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கி வண்டிக்காரர்களுக்குக் காட்டுவாள். பிறகு "வா வா வா" என்று ஒரே ஓட்டம். நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு திட்டு, அதில் ஒரு மூச்சு, மறுபடி ஓட்டம்.

"எறும்புகூட நிதானமா வரிசையில போவுது. நம்ம பொழப்பைப் பாரு" என்றாள் ரேடியோ. ஆலையில் எந்தச் செய்தியும் அவள் வாய் வழியாகத்தான் எல்லாப் பிரிவுக்கும் போகும் என்பதால் அந்தப் பெயர். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அப்படி ஓடிய கூட்டத்தில் கடைசியாகப் போனவள் பெரியவள். லாரியின் பின்சக்கரம் அவள் காலில் ஏறி இறங்கியது. உயிருக்கு வந்தது காலோடு போயிற்று என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அவளும் தங்கை சின்னவளும் ஆலையில் ஜோடி. ஒரு விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து உதறி மடிக்க இரண்டு பேர் வேண்டும். பதினோரு வருடமாக அக்கா முனையை அக்காதான் பிடித்தாள். இப்போது சின்னவளுக்கு எதிரே யார் யாரோ வந்து நிற்கிறார்கள், அளவு சரியாக வருவதில்லை.

சூப்பர்வைசர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உட்கார்ந்தபடி மூட்டைகளில் அடையாளச் சீட்டு குத்துகிற வேலையைப் பெரியவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். "ஒண்ணாந்தேதி எட்டு அஞ்சுக்குள்ள உங்க அக்கா கார்டு அடிச்சா அந்த வேலை அவங்களுக்கு. இல்லைன்னா அப்புறம் என்னைக் கேக்காதே. எனக்கும் மேல ஆள் இருக்கு" என்றார்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பெரியவளால் இனி நடக்க முடியும், ஓட முடியாது. சின்னவளுக்கு ராத்திரி தூக்கம் போனது அதனால்தான்.

அவள் ஒரு மனு எழுதினாள். இருநூற்று நாற்பது பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியே" என்று சிலர் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சாலை விளக்குகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனாள்.

பொறியாளர் மனுவை முழுதும் படித்தார். மரியாதையாகவே பேசினார்.

"உக்காருங்கம்மா. பச்சை எரியலைங்கறது எங்களுக்கும் தெரியும். ஆனா பாருங்க, உங்க அக்கா கேஸ்ல போலீஸ் என்ன எழுதியிருக்கு? சிவப்பு எரியறப்ப குறுக்க ஓடினாங்கன்னு எழுதியிருக்கு."

"அது எப்பவுமே சிவப்புதான் சார் எரியுது."

"எரியுது. ஆனா எழுத்துல அப்படி இருக்கே. உங்க ஆலை ஆளுங்க கூட்டம் கூட்டமா ஓடுறாங்கன்னு வண்டிக்காரங்ககிட்டேருந்து புகாரும் வந்திருக்கு."

சின்னவளுக்கு முகம் சுண்டிப்போனது. பொறியாளர் மனுவின் மேல் ஒரு முத்திரை குத்தினார். "ஒரு ஆளை அனுப்பறோம். ஒரு நாள் பூரா உக்காந்து பார்ப்பார். அவர் எழுதிக் குடுக்கறதை வச்சு முடிவு பண்ணுவோம். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது."

என்ன பார்ப்பார் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது அவள் மனதில் ஒன்றுதான் நின்றது: நம்மை ஓடுகாலிகள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உருளைகளின் சத்தம் நின்றதும் அவள் ஒரு மூட்டை மேல் ஏறி நின்று சொன்னாள். "பார்க்க ஆள் வருவாங்க. அன்னைக்கு ஒருத்தரும் ரோட்டுல இறங்கி ஓடாதீங்க. சிவப்பு எரியறப்ப கால் வச்சா தப்பு நம்ம மேலதான் விழும். கொஞ்சம் சுத்துதான், ஆனா பாலத்தடி வழியாப் போயிரலாம். நம்மளைக் குத்தம் சொல்ல அவங்களுக்கு இடமே குடுக்கக் கூடாது. எங்க அக்காவுக்காகக் கேக்கறேன்."

பாலத்தடி வழி என்றால் கூடுதலாக இருபத்தைந்து நிமிடம். முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீர் நிற்கும் இடமும் உண்டு; பெரியவளின் காலுக்கு அது ஆகாது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. ரேடியோ அந்தச் செய்திக்குக் கண் காது மூக்கு வைத்து, சாலையில் கால் வைத்தால் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்களாம் என்று உருளைப் பிரிவுக்குக் கொண்டு போனாள். இருநூற்று நாற்பது பேரும் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள். வேலை அப்படிப் பழக்கியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை அந்த ஆள் வந்திருந்தார். மடக்கு நாற்காலி, மஞ்சள் மேல்சட்டை, மடியில் அட்டையில் செருகிய தாள்கள், கையில் கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறும் ஒரு சின்னக் கருவி. ஐம்பது வயது இருக்கும். முதல் பஸ்ஸில் இறங்கிய சின்னவள்தான் அவரை முதலில் பார்த்தாள். பஸ் நிறுத்தத்திலேயே நின்று, வருகிறவர்களை எல்லாம் திருப்பினாள். "வந்துட்டார். பாலத்தடி, பாலத்தடி." கையால் அவரைச் சுட்டிக் காட்டாதே என்று ஒருத்தியைக் கடிந்துகொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண்கள் தண்ணீரில் வரிசையாக நடந்தார்கள். முப்பத்தெட்டு பேருக்கு அன்று கார்டு தாமதம். அவர்கள்கூட அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். பதினோரு வருடத்தில் அவ்வளவு பெருமை அவளுக்கு இருந்ததில்லை.

நாற்காலிக்காரர் பகல் முழுதும் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியபோது எதிர்க் கேட்டைப் பார்த்தார்; உள்ளே ஆட்கள் இருந்தார்கள், ஆனால் இந்தப் பக்கமிருந்து யாரும் போனதாகத் தெரியவில்லை. ஒருவேளை அங்கேயே தங்கும் இடம் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டார். தாளில் காரணம் எழுத இடம் இல்லை.

மாலை ஆறு மணிக்கு வேலை விட்டதும் மறுபடி பாலத்தடி. சுற்றி வந்து எல்லோரும் பஸ் ஏறிப் போன பிறகு சின்னவள் மட்டும் அவரிடம் வந்தாள். வேலை முடிந்து கிளம்பப் போகிற மனிதரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பது மரியாதை என்று நினைத்தாள். மணி ஆறே முக்கால்.

"நாள் பூரா வெயில்ல உக்காந்துட்டீங்க. டீ ஏதாவது வாங்கியாரட்டுமாண்ணே?"

"வேணாம்மா, குடிச்சாச்சு. நீ இங்கதான் வேலை செய்யறியா?"

"ஆமாண்ணே. இன்னைக்கு ஒருத்தர்கூடக் குறுக்க ஓடலையே, பார்த்தீங்கல்ல?"

"அதான் ஆச்சரியமா இருக்கு. நூறு நூறா ஆள் கடக்கற இடம்னு சொல்லி அனுப்பினாங்க." கருவியைத் திருப்பிக் காட்டினார். "நாப்பத்தொண்ணு. அதுல நாலு நானே டீக்குப் போயிட்டு வந்தது."

அவள் சிரித்தாள். "அப்ப நல்லபடியா எழுதுவீங்க."

"நான் என்னம்மா எழுதறது? எண்ணிக்கைதான். மணிக்கு நூத்தம்பது பேராவது கடந்தாத்தான் நடக்கறவங்களுக்கு லைட்டுன்னு விதி. குறைஞ்சா லைட்டு தேவையில்லைன்னு ஆயிரும். நடக்கறவங்களுக்கான நேரத்தையும் வண்டிக்குக் குடுத்துருவாங்க." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா?"

சின்னவள் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: மனு, அக்கா கால், ஒன்றாம் தேதி, மூட்டை மேல் ஏறி நின்று தானே சொன்னது. "இருநூத்தி நாப்பது பேருண்ணே. நான்தான் திருப்பிவிட்டேன். நல்லவங்கன்னு பேர் வாங்கப் போயி... நீங்க அமுக்குங்கண்ணே. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாங்க போயிருப்போம், சத்தியமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேல பாரு. கேமரா. நான் போடற கணக்கும் அது காட்டறதும் ஒத்து வரணும். ஒத்து வரலைன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பான். நானும் தினக்கூலிதாம்மா."

"இன்னொரு நாள் வந்து எண்ண மாட்டாங்களா?"

"ஒரு எடத்துக்கு ஒரு தடவைதான். மறுபடி மூணு வருஷம் ஆகும்."

அவள் திரும்பிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். ஆலைப் பெண்கள் ஒருத்திகூட இல்லை.

"எத்தனை மணி வரைக்கும் எண்ணுவீங்க?"

"ஏழு. இன்னும் பத்து நிமிஷம்."

"ஒரே ஆள் ரெண்டு தடவை போனா?"

"முகமெல்லாம் பார்க்கறதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா ஒண்ணு, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தா ஒண்ணு." சொன்ன பிறகுதான் அவள் எதற்குக் கேட்டாள் என்று அவருக்கு உறைத்தது. "ஏய், இரும்மா."

அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். தோளைப் பிடிக்க யாரும் இல்லை. ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. நடுத்திட்டு. மறுபாதி. எதிர்க்கரையில் ஏறித் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கருவியை உயர்த்திக் காட்டினார். உடனே திரும்பி ஓடி வந்தாள்.

"நாப்பத்திமூணு. போதும்மா. இது கடலைக் கையால எறைக்கற மாதிரி."

"நீங்க அமுக்குங்க" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

போனாள், வந்தாள். வண்டிக்காரர்கள் திட்டினார்கள். ஒருவன் சாகறதுக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னான். அடுத்த தடவை ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவள் முழங்கையில் இடித்தது; பை கீழே விழுந்து, சாப்பாட்டு டப்பா உருண்டு ஒரு சக்கரத்துக்கு அடியில் நசுங்கியது. அவள் குனியவில்லை. நாற்காலிக்காரர் எழுந்து சாலை விளிம்புக்கே வந்துவிட்டார். "வேணாம்மா, வேணாம், சொல்றதைக் கேளு" என்று கத்தினார். கத்திக்கொண்டே, அவள் கரையேறியதும் அவர் கட்டைவிரல் அமுக்கியது. நாற்பத்தாறு.

திரும்பி வரும்போது அவள் நடுத்திட்டில் மாட்டிக்கொண்டாள். மாலை நெரிசல் முற்றியிருந்தது. இரு பக்கமும் இடைவெளி விடாமல் வண்டிகள். லாரி ஒன்று உரசிப் போன காற்றில் உடம்பு ஆடியது. எல்லாம் தன்னால்தான் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வண்டி தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு அலுவலக வேன் வந்து நின்றது. நாற்காலிக்காரர் ஓட்டுநரிடம் எதையோ சொல்லி ஒரு விரலைக் காட்டினார். ஓட்டுநர் மணிக்கட்டைக் காட்டினார். இரண்டு நிமிடம் போல வேனும் நின்றது. அவளுக்குச் சாலையில் வழி கிடைக்கவில்லை. அவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், நாற்காலியை மடக்கினார், கருவியின் பித்தானைத் திருகினார். எண்கள் எல்லாம் சுழன்று சுழியத்துக்கு வந்தன.

வேன் போன பிறகும் சின்னவள் திட்டின் மேல்தான் இருந்தாள். வீட்டில் பெரியவள் என்ன ஆச்சு என்று கேட்கக் காத்திருப்பாள். ஒரு காலைச் சாலையில் இறக்கினாள். ஹாரன் சத்தம் கேட்டதும் திரும்ப ஏற்றிக்கொண்டாள். மறுபடி இறக்கினாள்.